எஞ்சினியரம்மா கட்டிய சுவர்

எஞ்சினியரம்மாவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புருஷனும் அண்ணனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. இரண்டு நாற்காலி, இரண்டு தட்டு, நடுவில் நாலு வார்த்தை. இந்த அற்ப ஆசை பல வருஷமாக நிறைவேறாமல் கிடந்தது.

புருஷன் அந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் போதகர். மாணவர்களின் ஆத்துமாக்கள் அவர் பொறுப்பு. அண்ணன் அதே பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைத் தலைவர். மாணவர்களின் குரல், கை, கால், கண், புருவம் எல்லாம் அவர் பொறுப்பு. எஞ்சினியரம்மா அங்கேயே கட்டடப் பிரிவில் வேலை பார்த்தாள். ஒழுகுகிற கூரை, அடைத்த குழாய், விரிசல் விட்ட சுவர் எல்லாம் அவள் தலையில். மூன்று பேரில் தான் ஒருத்திதான் கண்ணால் பார்க்கக்கூடிய வேலை செய்கிறோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு நினைப்பு உண்டு. அதில் தப்பும் இல்லை.

சண்டை ஒரு நாடகத்தில் தொடங்கியது. ஊர் சுற்றி, குடித்துக் கெட்டுப்போன ஒருவன் கடைசியில் மனந்திரும்புகிற கதை. அண்ணன் எழுதி இயக்கினார். கடைசிக் காட்சியில் அவன் முழங்காலில் விழுந்து செய்யும் ஜெபத்தை மட்டும், "ஜெபம் உங்க ஏரியா மாப்பிள்ளை" என்று சொல்லிப் போதகரையே எழுதித் தரச் சொன்னார். போதகரும் ராவும் பகலுமாக உட்கார்ந்து உருகி உருகி எழுதிக் கொடுத்தார். நாடகத்தன்று குடிக்கிற காட்சிக்கு அரங்கம் அதிர்ந்தது. சூதாடுகிற காட்சிக்கு விசில். ஜெபம் தொடங்கியதும் முதல் வரிசையில் துணைவேந்தரே கொட்டாவி விட்டார். கொட்டாவிதான் தொற்று வியாதி ஆயிற்றே, கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் போதகர் எழுந்தார். "பாவத்துக்குக் கைதட்டல், ஜெபத்துக்குக் கொட்டாவி. ஒரு கிறிஸ்தவ நிறுவனத்துல இப்படி ஒரு நாடகம் நடந்தா அது யார் தப்பு?" என்று கேட்டார்.

அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார். "கைதட்டல் வாங்கினதெல்லாம் நான் எழுதினது. கொட்டாவி வாங்கினது நீங்க எழுதிக் கொடுத்தது மாப்பிள்ளை. ஒரு எழுத்தைக்கூட நான் மாத்தலை."

கூட்டம் சிரித்தது. சிரித்திருக்கக் கூடாது. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. அண்ணன் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். "அவர் கூப்பிடட்டும், வரேன்" என்றார். "அவர் வரட்டும், வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்றார் போதகர். கூப்பிடாமல் ஒருவர் வரமாட்டார், வராமல் இன்னொருவர் கூப்பிடமாட்டார். எஞ்சினியரம்மா இருவரிடமும் மாறி மாறிக் கெஞ்சி, அலுத்து, கடைசியில் கெஞ்சுவதையே விட்டுவிட்டாள்.

ஆனால் பேச்சு அறுந்தது என்று யார் சொன்னாலும் அது முழு உண்மை இல்லை. அதற்குக் காரணம் ஒரு பிளைவுட் தடுப்பு.

நாடக அரங்கமும் ஜெபக்கூடமும் ஆதியில் ஒரே கூடம். யாரோ ஒரு பழைய நிர்வாகி நடுவில் பிளைவுட் பலகை அடித்து, சுண்ணாம்பு பூசி, இந்தப் பக்கம் ஆண்டவருக்கு, அந்தப் பக்கம் கலைக்கு என்று பாகம் பிரித்துவிட்டார். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் கைக்குட்டையை எடுப்பார்கள். சாயங்காலம் ஜெபக்கூட்டமும் நாடக ஒத்திகையும் ஒரே நேரத்தில் நடக்கும். நேரத்தை மாற்றிக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றலாம். தோன்றியது. இருவருமே, "நான் ஏன் மாத்தணும்?" என்றார்கள்.

ஒரு நாள் போதகர் மைக்கில் கொஞ்சம் உரக்கவே சொன்னார்: "வேஷம் போடறவன் முதல்ல ஏமாத்தறது தன்னைத்தான்." தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒத்திகையில் இருந்த கதாநாயகன் காதில் அண்ணன் எதையோ ஓதினார். பிறகு அவன் நாடகத்தில் இல்லாத ஒரு வசனத்தைக் கணீரென்று பேசினான்: "வேஷம் போடறேன்னு ஒத்துக்கறவன் நான். ஒத்துக்காதவன் பக்கத்துல இருக்கான்." ஜெபக்கூடத்தில் மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்தியில் குனிகிறார்கள் என்று போதகர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த வசனத்துக்குப் பிரசங்கத்தில் பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு அடுத்த நாள் ஒத்திகையில் எதிர்ப்பதில் வந்தது. இப்படியே வருஷங்கள் ஓடின. ஜெபக்கூட்டத்தில் ஆள் நிறைந்தது. ஒத்திகை பார்க்கவும் ஆள் நின்றது. போதகரின் பிரசங்கத்தில் அனல் பறக்கிறது என்றும், அண்ணனின் வசனத்தில் பொறி பறக்கிறது என்றும் வளாகமே பேசிக்கொண்டது. எரிவது ஒரே அடுப்புதான் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போதகர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னே தொடங்குவார். "உங்க அண்ணன் இன்னிக்கு என்ன சொல்ல வெச்சார் தெரியுமா?" முகம் கோபத்தில் சிவந்திருக்கும், ஆனால் அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிடுவார். அவர் தூங்கப் போனதும் அண்ணன் போன் செய்வார். "உன் வீட்டுக்காரர் இன்னிக்கு என்னைப் பத்தி என்ன சொன்னார் கேட்டியா? மனுஷனுக்கு நாக்கு நீளம்மா. ஆனா ஒண்ணு, உச்சரிப்பு சுத்தம்."

இரண்டு பேருமே கடைசியில் ஒரே வாக்கியத்தில்தான் முடிப்பார்கள். "அந்தச் சத்தத்துல மனுஷன் வேலை பார்க்க முடியுமா? நீ எஞ்சினியர்தானே, ஒரு சுவர் கட்டக் கூடாதா?"

எஞ்சினியரம்மா இதை நம்பினாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். படித்தவள், கணக்குத் தெரிந்தவள், பாரம் எங்கே விழுகிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். ஆனால் புருஷனும் அண்ணனும் வாயால் சொன்னதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சத்தம்தானே சண்டைக்குக் காரணம், சத்தத்தை நிறுத்திவிட்டால் சண்டை எதன் மேல் நிற்கும் என்று கணக்குப் போட்டாள்.

நேரமும் கூடி வந்தது. மெத்தை செய்து விற்கும் ஒரு பெரிய முதலாளி, கலைக்கும் ஊழியத்துக்கும் சேர்த்து அந்தக் கட்டடத்தை முழுசாகப் புதுப்பித்துத் தருவதாக முன்வந்தார். அவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர். படிக்கிற காலத்தில் அரங்கத்திலும் தூங்கியவர், ஜெபக்கூடத்திலும் தூங்கியவர். அதனால் இரண்டுக்கும் சமமாகக் கடன்பட்டிருப்பதாக அவரே மேடையில் சொல்லிச் சிரித்தார்.

திட்டக் கூட்டத்தில் துணைவேந்தர் தலைமை வகித்தார். போதகர் மேசைக்கு இந்தக் கோடி, அண்ணன் அந்தக் கோடி, வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நடுவில் எஞ்சினியரம்மா.

"எஞ்சினியர் அம்மாகிட்ட சொல்லுங்க, எங்களுக்கு வேற எதுவும் வேண்டாம். புது மைக் வேண்டாம், புது பெஞ்சுகூட வேண்டாம். அந்தப் பக்கச் சத்தம் ஒரு துளி வரக்கூடாது" என்றார் போதகர். பெண்டாட்டியை அலுவலகத்தில் அவர் அப்படித்தான் மரியாதையாகக் குறிப்பிடுவார்.

"எங்களுக்கும் அதேதான். சுழல் மேடை எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல சுவர்" என்றார் அண்ணன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

துணைவேந்தருக்கு ஆச்சரியம். "ரெண்டு பேரும் ஒரு விஷயத்துல ஒத்துப்போய் நான் இப்பதான் பார்க்கறேன். அம்மா, அப்படியே ஒரு நல்ல சுவரா போட்டுடுங்க. இதைச் சரியா முடிச்சீங்கன்னா கட்டடப் பிரிவே உங்க பொறுப்புதான்."

பிரிவுத் தலைவர் ஓய்வு பெறும் சமயம் அது. அந்த நாற்காலி மீது அவளுக்கு ஆசை இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். ஆனால் அன்று அவள் மனசில் நின்றது சாப்பாட்டு மேசைதான். இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது. இதைப் பிடித்துக்கொண்டே மற்றதற்குப் போய்விடலாம் என்று நினைத்தாள்.

வேலை தொடங்கியது. ஒத்திகையை விளையாட்டு மைதானத்தை ஒட்டிய கொட்டகைக்கும், ஜெபக்கூட்டத்தை நூலகத்தின் கீழ்த்தளத்துக்கும் மாற்றினார்கள். எஞ்சினியரம்மா பிளைவுட் தடுப்பைப் பிடுங்கி எறிந்தாள். இரண்டு செங்கல் சுவர்களை ஒன்றை ஒன்று தொடாமல் எழுப்பினாள். நடுவில் விட்ட இடைவெளியில் சத்தத்தை விழுங்கும் பஞ்சைத் திணித்தாள். காற்றுக் குழாய்களைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்தாள். கதவு விளிம்புகளில் ரப்பர் ஒட்டினாள். ஒயர் பழுதானால் திறந்து பார்ப்பதற்குச் சுவரின் அடியில் ஒரே ஒரு சின்னக் கதவு விட வேண்டியிருந்தது. அதற்கும் இரண்டு பக்கம் மூடி, நடுவில் பஞ்சு மூட்டை. மேஸ்திரி வாய்விட்டே கேட்டார்.

"ஏம்மா, இது ஜெபக்கூடமா, வங்கிப் பெட்டகமா? உள்ளே என்னத்த வெச்சுப் பூட்டப் போறீங்க?"

"சண்டைய வெச்சுப் பூட்டப் போறேன்" என்றாள்.

"பூட்டினா சரிதான். எதுக்கும் சாவிய உங்ககிட்டயே வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி கரண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இடைப்பட்ட காலத்தில் போதகர் இளைத்துப் போனார். நூலகத்துக் கீழ்த்தளத்தில் காற்று இல்லை, அதனால்தான் என்றார். அண்ணனுக்கும் தொண்டை கட்டியது. கொட்டகையில் தூசி என்றார். "வேலை எப்ப முடியும்?" என்று இருவரும் நச்சரித்தார்கள். புது இடத்துக்குப் போகிற அவசரம் என்று எஞ்சினியரம்மா நினைத்து, இன்னும் வேகமாக ஆட்களை முடுக்கினாள்.

வெளியிலிருந்து ஒலி நிபுணர் ஒருவர் வந்து சோதித்தார். நாடக அரங்கத்தில் ஒலிபெருக்கியை வைத்துக் காது கிழிய அலறவிட்டு, ஜெபக்கூடத்தில் கருவியோடு நின்றார். கருவி அசையவில்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார். பிறகு எஞ்சினியரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி ஒரு சுவரைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். அவள் தன் வேலையைப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்ட நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. யாரும் இல்லாத நேரத்தில் அந்தச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

திறப்பு விழாவில் மெத்தை முதலாளி ரிப்பன் வெட்டினார். உலகத்துக்கு இன்றைக்குத் தேவை அமைதிதான் என்று பேசினார். போதகரையும் அண்ணனையும் மேடையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள் எஞ்சினியரம்மா. இருக்கை ஏற்பாடும் அவள் கையில்தான் இருந்தது. கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார் போதகர்.

"இருக்கேன். நீங்க?" என்றார் அண்ணன்.

"இருக்கேன்."

அவ்வளவுதான். விழா முடிகிறவரை இருவரும் எதிரே இருந்த பூச்சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடுப்புக்கு அப்பால் இருந்தபோது ஒருவரை ஒருவர் கிழி கிழி என்று கிழித்தவர்களுக்கு, முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. பரவாயில்லை, முதல் அடி என்று எஞ்சினியரம்மா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இரண்டாவது அடியை யாரும் எடுத்து வைக்கவில்லை. புது ஜெபக்கூடத்தில் போதகர் பிரசங்கம் செய்தார். சுத்தமான அமைதி. அந்த அமைதியில் அவர் சொன்னது முழுக்கக் கேட்டது, அதுதான் வினையாகப் போயிற்று. பொறுமையைப் பற்றிச் சொன்னார், தாழ்மையைப் பற்றிச் சொன்னார், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எதிர்த்துச் சொல்ல ஆளில்லாத பேச்சு உப்பில்லாமல் இருந்தது. மாணவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அந்தப் பக்கம் சுழல் மேடை சுழன்றது, விளக்கு ஏழு வண்ணத்தில் எரிந்தது, வசனம் மட்டும் வழவழவென்று எங்கேயோ போய் விழுந்தது. அண்ணன் எழுதிய புது நாடகத்தில் கெட்டவன்கூடச் சலிப்பாகப் பேசினான்.

வீட்டில் போதகர் தட்டைத் தொட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன. நல்லாத்தான் இருக்கு." கை கழுவிவிட்டு வந்து, "உங்க அண்ணன் இப்ப என்ன ஒத்திகை பார்க்கறார்?" என்றார்.

"அவர்கிட்டயே கேளுங்களேன்."

"எனக்கென்ன வேலை."

அண்ணனின் போனும் குறைந்தது. அழைத்தாலும், "மாப்பிள்ளை என்ன, ரொம்ப அமைதியாயிட்டாராமே?" என்று மட்டும் கேட்பார். அமைதியானது அவர் இல்லை, சுவர் என்று அவளுக்குச் சொல்லத் தோன்றும்.

ஒரு மத்தியானம் விளக்கு ஒன்று எரியவில்லை என்று பார்க்க ஜெபக்கூடத்துக்குப் போனாள். கூடம் காலியாக இருந்தது. போதகர் மட்டும் சுவரோரம் நின்றுகொண்டு, வலது காதைச் சுவரில் ஒட்டவைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து, "சுவர் நல்லா சில்லுன்னு இருக்கு" என்றார். அவள் வெளியே வந்து சுற்றிக்கொண்டு நாடக அரங்கத்துக்குப் போனாள். அங்கே அண்ணன் ஒரு டம்ளரைக் கவிழ்த்துச் சுவரில் வைத்து, டம்ளரின் அடியில் காதை வைத்திருந்தார். நாடகத்துக்காகப் பழகிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எந்த நாடகம் என்று அவள் கேட்கவில்லை.

வெளியே மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பேரும் தனித்தனியா என்கிட்ட வந்தாங்க. சுவத்துல ஒரு சின்ன ஓட்டை போட முடியுமான்னு. போதகர் ஐயா காத்து வரலைன்னார். நாடக ஐயா ஒயர் போடணும்னார். உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு ரெண்டு பேருமே சொன்னாங்க. அதான் சொல்லிட்டேன்."

எஞ்சினியரம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த இரண்டு பேரும் இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தினமும் பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சின் கழுத்தைத் தானே நெரித்து, மேலே பூச்சும் பூசி, நிபுணரிடம் பாராட்டும் வாங்கிவிட்டோம் என்று புரிந்தது. கூடவே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வளர்ந்த மனுஷர்கள், ஆளுக்கு ஒரு துறை, நரைத்த தலை, ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று சொல்ல ஒரு வாய் இல்லையா? பிளைவுட்தான் வேண்டுமா?

அடுத்த விடுமுறை நாளில் பட்டப்பகலில் தனியாகப் போனாள். சுவரின் அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்தாள். உள்ளே இருந்த பஞ்சு மூட்டையை உருவினாள். இரண்டு பக்க மூடியிலும் ரப்பர் பட்டையைப் பிரித்து எடுத்தாள். மூடியைத் திரும்ப அப்படியே பொருத்தினாள். வெளியிலிருந்து பார்க்க ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தன் கையால் கட்டியதில் மிக நல்லதைத் தன் கையாலேயே கெடுக்கிறவளுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பஞ்சைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சாயங்காலம் வராந்தாவில் நின்று கேட்டாள். போதகர் வழக்கம்போல் அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து மெலிசாக, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு வசனம் கேட்டது. போதகர் நிறுத்தினார். வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கை வாயருகே இழுத்து, "சிலபேர் இருக்காங்க" என்று தொடங்கினார். அந்தக் குரலில் பழைய அனல் இருந்தது. அந்தப் பக்கம் ஒத்திகை சட்டென்று நின்றது. அடுத்து வந்த வசனம் எந்த நாடகத்திலும் இல்லாதது. எஞ்சினியரம்மா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தாள்.

இனி எல்லாம் பழையபடி ஆகும், அதுபோதும் என்று நினைத்திருந்தாள். மேசை ஆசையை அவள் கைவிட்டுவிட்டிருந்தாள் என்றே சொல்ல வேண்டும்.

அந்த வாரம் முடிவதற்குள் அவள் அறைக் கதவு படாரென்று திறந்தது. போதகரும் அண்ணனும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். ஒன்றாக. ஒரே கதவு வழியாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு.

"சுவத்துல சத்தம் வருது!" என்றார் போதகர்.

"மாப்பிள்ளை சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஜெபம் முழுக்க எங்க மேடையில கேக்குது" என்றார் அண்ணன்.

"உங்க மேடை எங்க கூட்டத்துல கேக்குது மச்சான், அதைச் சொல்லுங்க."

"அதையும்தான் சொல்றேன். நீங்க உட்காருங்க முதல்ல, மூச்சு வாங்குது பாருங்க."

அறையில் ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. நீங்க உட்காருங்க, இல்லை நீங்க என்று கொஞ்ச நேரம் போனது. கடைசியில் இருவரும் நின்றுகொண்டே தொடர்ந்தார்கள். வராந்தாவில் ஒரே நேரத்தில் கோபமாக வெளியே வந்தபோது நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்களாம். நீ சத்தம் போட்டாய், நீ சத்தம் போட்டாய் என்று ஆரம்பித்து, ஆளுக்கு ஆள் பழி போடுவதை விட்டு, தப்பு சுவரில் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்களாம். சுவரில் தப்பு என்றால் கட்டினவள் மேல் தப்பு. அங்கே வந்து நின்றதும் இருவருக்கும் பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிட்டது.

"உன்கிட்ட இதை நான் எதிர்பார்க்கலைம்மா" என்றார் அண்ணன். "அவர் எவ்வளவு நம்பிக்கையா உன்கிட்ட கேட்டார்?"

"உங்க அண்ணன் சுழல் மேடையக்கூட வேண்டாம்னு சொல்லிட்டு இந்தச் சுவரைக் கேட்டாரே" என்றார் போதகர். "அவருக்கு என்ன பதில் சொல்லப் போறே?"

எஞ்சினியரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பார்க்கறேன்" என்று மட்டும் சொன்னாள்.

பார்க்க அவகாசம் கொடுக்காமல் இருவரும் நேரே துணைவேந்தரிடம் போனார்கள். வெளியிலிருந்து வேறொரு எஞ்சினியர் வரவழைக்கப்பட்டார். வந்தவர் குனிந்து சின்னக் கதவைத் திறந்தார், உதட்டைப் பிதுக்கினார். "பஞ்சு வைக்கவே மறந்திருக்காங்க. அடிப்படைத் தப்பு" என்றார். அப்படியானால் ஒலி நிபுணரின் கருவி ஏன் அசையவில்லை என்று யாரும் கேட்கவில்லை. கருவியைத் தட்டிப் பார்த்தாரே, அது நிஜமாகவே கெட்டுப்போயிருந்திருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். புது ஆள் பஞ்சை வைத்து, ரப்பரை ஒட்டி மூடினார். சுவர் மறுபடியும் ஊமை ஆனது. கட்டடப் பிரிவின் தலைவர் நாற்காலியும் அவருக்கே போனது. மேஸ்திரி மட்டும் எஞ்சினியரம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார், கரண்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசல் மணி அடித்தது. அண்ணன் நின்றுகொண்டிருந்தார். போதகர் கூப்பிட்டிருக்கிறார், சுவர் விவகாரத்தில் இன்னும் பேச வேண்டியது பாக்கி இருக்கிறதாம்.

மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எஞ்சினியரம்மா பரிமாறினாள். தட்டில் என்ன விழுகிறது என்றுகூட இருவரும் கவனிக்கவில்லை. முதல் வாயிலிருந்தே பேச்சுத்தான்.

"உங்க தங்கச்சிக்கு வீட்டு வேலை எல்லாம் நல்லாத் தெரியும் மச்சான். ஆபீஸ் வேலையிலதான் இப்படிக் கோட்டை விட்டுட்டா."

"சின்ன வயசுலயே அவ அப்படித்தான் மாப்பிள்ளை. எதையும் முழுசா செய்யமாட்டா. உங்ககிட்ட சொல்லாம கட்டிக்கொடுத்துட்டோம்."

போதகர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அண்ணன் இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டார். "பஞ்சையே மறந்துட்டாளே, பஞ்சையே!" என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பேச்சு அங்கிருந்து வேறு எங்கெங்கோ போனது. கொட்டாவி வாங்கிய அந்த ஜெபம்கூட ஒரு சுற்று வந்தது. அதற்கும் இருவரும் சேர்ந்தே சிரித்தார்கள். கொஞ்சம் தேங்கும் என்று தோன்றினால் உடனே சுவருக்குத் திரும்பிவிடுவார்கள். அது அவர்களைக் கைவிடவில்லை.

எஞ்சினியரம்மா நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பஞ்சு மூட்டை பக்கத்து அறையில், அலமாரிக்கு மேலே, பையோடு இருந்தது. ஒரு எட்டு போய் எடுத்து வந்து மேசை நடுவில் வைத்தால் போதும். நான்தான் எடுத்தேன், உங்களுக்காகத்தான் எடுத்தேன், நான் கட்டிய சுவருக்கு ஒரு குறையும் கிடையாது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதையும் யோசித்தாள். இரண்டு பேரும் வாயடைத்துப்போவார்கள். டம்ளரும் காதும் வெளியே வரும். ஆளுக்கு ஒரு வெட்கத்தைச் சுமந்துகொண்டு பூச்சாடியைப் பார்ப்பார்கள். அண்ணன் கை கழுவிவிட்டுப் போனால் மறுபடி வரமாட்டார்.

கோபம் நெஞ்சு முட்ட இருந்தது. அண்ணன் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமும் அதே அளவு இருந்தது. எது எங்கே முடிகிறது என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

"என்னம்மா பேசாம நிக்கிறே?" என்றார் அண்ணன். "தப்பு செஞ்சா ஒத்துக்கணும். நாங்க என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவோம்?"

"அதானே" என்றார் போதகர். "ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. வீட்டு மனுஷங்கதானே நாங்க."

இருவரும் ஒரே நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தார்கள். சாப்பாட்டுக் கை அப்படியே நின்றது.

எஞ்சினியரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு, இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். தனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "எனக்குச் சுவர் கட்டத் தெரியலை."

"அதைத்தானே இவ்வளவு நேரமா சொல்றோம்" என்றார்கள் இரண்டு பேரும்.